ஃபிரிட்ஜ் முதல் மிக்சி வரை: ரிப்பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஃபிரிட்ஜில் கூலிங் இல்லை என்று கூப்பிட்டால், வருகிற மெக்கானிக் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருச்சுங்க, மூவாயிரம் ஆகும்" என்கிறார். அது நிஜமாகவே கேஸ் கசிவாக இருக்கலாம். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே என்ற நானூறு ரூபாய் சாமானோடு முடிகிற கோளாறாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுபோலத் தெரியும். பில் மட்டும் ஒன்றுபோல வராது. ஆகவே எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியல் மட்டும் போதாது, எந்த அறிகுறிக்கு எந்த சாமான் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் என்று தமிழ்நாட்டை ஒட்டிய கிழக்குப் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வீடுகளை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. தொகைகள் எல்லாம் நடுத்தர விலை மாடல்களுக்கான தோராயம். பிராண்டையும் மெக்கானிக்கையும் பொறுத்துக் கால் பங்கு ஏறலாம், இறங்கலாம். அதற்கு மேல் விலகினால் காரணம் கேளுங்கள்.

பில்லுக்குள் என்ன இருக்கிறது

எந்த ரிப்பேர் பில்லிலும் மூன்று தொகைகள் ஒளிந்திருக்கும்: வந்து பார்த்த கூலி, வேலை செய்த கூலி, மாற்றிய ஸ்பேரின் விலை. கம்பெனி சர்வீஸ் என்றால் கூலியின் மேல் 18% ஜி.எஸ்.டி. சேரும். வந்து பார்க்கும் கூலி கம்பெனிக்கு 400 முதல் 700 ரூபாய், உள்ளூர் மெக்கானிக்குக்கு 150 முதல் 300. டவுன் எல்லையைத் தாண்டிய தோட்டத்து வீடுகளுக்குத் தூரக் கூலி என்று தனியாக ஒன்று போடும் சென்டர்களும் உண்டு. போனில் பேசும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது: "ரிப்பேர் செஞ்சா விசிட்டிங் சார்ஜைக் கழிச்சுக்குவீங்களா?" உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் கழிப்பார்கள். கம்பெனியில் சில இடங்களில் கழிக்க மாட்டார்கள்.

மொத்தமாக "ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்பேர் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் போதும். பாதி நேரம் அந்தக் கேள்வியிலேயே தொகை குறைந்துவிடும். ஸ்பேரின் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும், அதையும் பார்க்கலாம். கழற்றிய பழைய சாமானை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். மாற்றினார்களா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாரண்டியில் இலவசமாக மாற்றும்போது மட்டும் பழையதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அது முறைதான்.

எல்லையின் எந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிடுவது

வாரண்டி ஓடும் வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. கஸ்டமர் கேர் உங்கள் பின்கோடைக் கேட்கும். 678 என்று தொடங்கினால் புகார் பாலக்காடு பக்கத்து சென்டருக்குப் போகும், 642 என்றால் பொள்ளாச்சிக்கு. வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தால் பொள்ளாச்சி பஸ்தான் முதலில் வரும் என்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பொருளைக் கோவையில் வாங்கியிருந்தாலும் வாரண்டி நாடு முழுக்கச் செல்லும். பில்லும், மெஷினின் சீரியல் நம்பரும் கையில் இருந்தால் சரி.

வாரண்டி முடிந்த பிறகு கணக்கு வேறு. கேரளப் பக்கத்தில் கூலி பொதுவாகக் கூடுதல். பொள்ளாச்சிக்காரர் கூலி குறைவாகக் கேட்பார், ஆனால் எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டி வர பெட்ரோல் காசு சேர்த்துக்கொள்வார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய மிக்சி, டேபிள் டாப் கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபேன், கழற்றிய எலக்ட்ரானிக் போர்டு எல்லாவற்றையும் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ எடுத்துப் போங்கள். அங்கே ஸ்பேரும் கிடைக்கும், காயில் கட்டுகிறவர்களும் நிறைய. நகர்த்த முடியாத ஃபிரிட்ஜ், ஏசி, ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து ஊர் ஆளையே கூப்பிடுங்கள், இருநூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. கேஸ் போட்ட ஃபிரிட்ஜ் பத்து நாளில் மறுபடி கசிந்தால் திரும்ப வர வேண்டியவர் அவர்தான். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் இலவசமாக இரண்டாம் முறை வருவது அபூர்வம்.

கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் ஏராளம். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்று லிங்க் அனுப்பி அக்கவுண்டைத் துடைத்துவிடுவார்கள். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ வாரண்டி அட்டையிலோ உள்ள நம்பர்தான் நம்பர்.

கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

300, 400 ரூபாய்க்குச் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஏ.சி. வோல்ட் 600 அல்லது 750 என்ற இடத்தில் திருப்பி வைத்து, முனைகளின் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு சாக்கெட்டில் பாருங்கள். 220-240 வந்தால் சரி. கோடையில் சாயங்காலம் எல்லாப் போர் மோட்டாரும் ஓடும் நேரத்தில் 180-க்குக் கீழே இறங்கும் லைன்கள் தோட்டத்துப் பக்கம் உண்டு. அந்த வோல்டேஜில் கம்ப்ரசர் கிளம்பாது. அது ஃபிரிட்ஜின் குற்றமல்ல. மெக்கானிக்குக்குப் பதில் 1912-ல் மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

அடுத்தது இ.எல்.சி.பி., மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். ஒரு பொருளைச் சொருகினால் மட்டும் வீடே கட் ஆகிறது என்றால் அந்தப் பொருளில் எர்த் லீக்கேஜ் இருக்கிறது. ஹீட்டர் உள்ள சாமான்களில்தான் இது அதிகம். இ.எல்.சி.பி.யை பைபாஸ் செய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரை அதோடு அனுப்பிவிடுங்கள்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறுகிறதா? குழாயை மூடி, இன்லெட் பைப்பைக் கழற்றினால் மெஷின் வாயில் விரல்நுனி அளவு சல்லடை இருக்கும். போர் தண்ணீரின் மணலும் சுண்ணாம்பும் அதில் அடைத்துக்கொள்ளும். மூக்குக் குறடால் இழுத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் வேலை முடிந்தது. தண்ணீர் வடியவில்லை என்றால் ஃபிரண்ட் லோடில் கீழ் மூலையில் உள்ள சிறு மூடிக்குள் இருக்கும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஹேர்பின், காசு, குழந்தையின் சாக்ஸ் இதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. இந்த இரண்டுக்காக மட்டுமே 500 ரூபாய் விசிட் கொடுப்பவர்கள் ஏராளம்.

ஃபிரிட்ஜ்

காசு அதிகம் வீணாவது இதில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் காது. ஃபிரிட்ஜின் பின்னால் நின்று கேளுங்கள். 'ம்ம்ம்' என்று சில நொடி முனகி, 'டிக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல், அதே 'டிக்' என்றால் கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. கேஸ் பிரச்சினை இல்லை இது. வோல்டேஜ் சரியாக இருந்தால் கம்ப்ரசர் பக்கத்தில் சொருகியிருக்கும் ரிலே, ஓவர்லோடு இரண்டையும் சந்தேகப்பட வேண்டும். மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிலேயைக் கழற்றும்போது அதைக் காதருகில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் அதிலுள்ள வில்லை உடைந்துவிட்டது. ரிலே, ஓவர்லோடு செட் கூலியோடு 400 முதல் 700 ரூபாய். புது ரிலே போட்டும் அதே முனகல் என்றால் கம்ப்ரசர் இறுகிவிட்டது. செலவு ஆயிரங்களுக்குப் போகும். இன்வெர்டர் கம்ப்ரசரில் இந்த ரிலே இருக்காது. அதை ஓட்டுவது போர்டு.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் கூலிங் இல்லை என்றால்தான் கேஸ் பற்றிப் பேச வேண்டும். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜை அணைத்து ஐஸ் முழுக்கக் கரையவிட்டு, மறுபடி போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஃப்ரீசரைப் பாருங்கள். சுவர் முழுக்கச் சீராகப் பனி படிந்தால் கேஸ் இருக்கிறது. கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ கதவு ரப்பரிலோ. ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பனி, மிச்ச இடம் வெறும் ஈரம் என்றால் கேஸ் குறைவு, அல்லது கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் அடைப்பு.

ஃபிரிட்ஜ் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போட்டால் சில வாரத்தில் மறுபடி அதே பில். சிங்கிள் டோரில் ஓட்டை விழும் வழக்கமான இடம் ஃப்ரீசர் பெட்டிதான்: ஐஸில் ஒட்டிக்கொண்ட பாத்திரத்தைக் கத்தியால் நெம்பும்போது அலுமினியக் குழாய் துளைபடும். அந்த நிமிடமே 'உஸ்' என்று சத்தம் கேட்கும். ஊசித்துளை என்றால் பிசின் வைத்து அடைக்கலாம். நீண்ட கீறல் என்றால் ஃப்ரீசர் பெட்டியையே மாற்ற 2,500 முதல் 4,000 வரை ஆகும்.

கேஸ் வேலைக்கு நியாயமான தொகை சிங்கிள் டோருக்கு 1,800 முதல் 2,800, டபுள் டோருக்கு 2,500 முதல் 3,500. அந்தத் தொகைக்குள் இவை அடங்க வேண்டும்: ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது, கம்ப்ரசர் பக்கத்தில் உள்ள ஃபில்டரை மாற்றுவது, வேக்கம் பம்ப் வைத்து இருபது முப்பது நிமிடம் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, பிறகு தராசில் நிறுத்து கேஸ் ஏற்றுவது. வேக்கம் போடாமல் ஏற்றினால் உள்ளே மிஞ்சிய ஈரம் கேப்பிலரி முனையில் உறைந்து அடைக்கும். கூலிங் வரும், போகும், வரும். வந்ததில் இருந்து முக்கால் மணி நேரத்தில் பில் போட்டுவிட்டால் இதில் ஏதோ ஒன்று நடக்கவில்லை.

கம்ப்ரசர் மேல் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். உள்ளே எந்த கேஸ் என்று அதில் இருக்கும். ஆர்134ஏ என்றால் பழைய வகை. ஆர்600ஏ என்று தீச்சுவாலைப் படத்தோடு இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவு. மொத்தமே நாற்பது ஐம்பது கிராம்தான் இருக்கும், ஆனால் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் கேஸை வெளியே விடாமல் வெல்டிங் டார்ச்சை நீட்டும் ஆளைக் குழாயில் கை வைக்க விடக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்பவரே தெரிந்தவர். ஆர்600ஏ ஃபிரிட்ஜில் "கைவசம் இருக்கிற கேஸைப் போட்டுத் தர்றேன்" என்று 134ஏ ஏற்றுவதும் உண்டு. அந்தக் கம்ப்ரசரின் ஆயிலும் அமைப்பும் அதற்கானதல்ல. கொஞ்ச நாளில் கம்ப்ரசரே போகும்.

கம்ப்ரசர் மாற்ற 5,000 முதல் 9,000. இங்கேதான் "பத்து வருஷ வாரண்டி" என்ற எழுத்தை நம்பி ஏமாறுவது. அந்த வாரண்டி பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற இரும்புக்கு மட்டும். கேஸ், ஃபில்டர், கூலி, போக்குவரத்து எல்லாம் உங்கள் கணக்கு. இலவசக் கம்ப்ரசருக்கே 2,500 முதல் 3,500 வரை பில் வரும். வாரண்டி அட்டையின் பொடி எழுத்தில் அது இருக்கிறது. மோசடி அல்ல, ஆனால் விற்கும்போது ஒருவரும் சொல்வதில்லை.

மற்றவை: தெர்மோஸ்டாட் 600-1,000, கதவு ரப்பர் 700-1,500. ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. மாற்றுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டிப் பாருங்கள், பல ரப்பர்கள் அதிலேயே நிமிர்ந்துவிடும். ஐஸைத் தானே கரைத்துக்கொள்ளும் ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் கட்டி, கீழே காய்கறி வாடினால் டீஃபிராஸ்ட் ஹீட்டர், சென்சர் அல்லது டைமர். எதுவானாலும் 1,000 முதல் 1,800-க்குள். அதற்கும் "கேஸ்" என்று சொல்பவர் உண்டு.

வாஷிங் மெஷின்

செமி ஆட்டோமேட்டிக்கில் பயப்பட ஒன்றுமில்லை. வாஷ் டைமர் 350-550, கண்டன்சர் (மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிட்டர்) 200-300, ஸ்பின் மோட்டார் 1,200-1,800, பிரேக் ஒயர் 200. எல்லாம் எந்த டவுனிலும் கிடைக்கும் ஸ்பேர்.

டாப் லோடு ஆட்டோமேட்டிக்கில் வடிகால் மோட்டார் 700-1,200, இன்லெட் வால்வு 600-1,000, சஸ்பென்ஷன் கம்பி செட் 1,000-1,800, கிளட்ச் 2,500-4,000. துவைக்கும்போது டிரம்மே சேர்ந்து சுற்றினாலோ ஸ்பின்னில் கரகரவென்றாலோ கிளட்ச். ஒரு பக்கம் சாய்ந்து தடதடவென்று நடந்து வந்தால் சஸ்பென்ஷன். ஆனால் அதற்கு முன் நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

ஃபிரண்ட் லோடில் பெரிய செலவு பேரிங். அது ஒரே நாளில் போவதில்லை. முதலில் டிரம்முக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் தேயும். அதன் வழியே சோப்புத் தண்ணீர் பேரிங்கில் இறங்கித் துருவாக்கும். பிறகுதான் ஸ்பின்னில் லாரி போகிற இரைச்சல். கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைக் கையால் தூக்கி ஆட்டுங்கள். வெளித் தொட்டி அசையாமல் உள் டிரம் மட்டும் 'டொக்' என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. சத்தம் ஆரம்பித்த மாதமே மாற்றினால் சீல், இரண்டு பேரிங், கூலி சேர்த்து 3,500 முதல் 5,500. மெஷினை முழுக்கப் பிரிக்க வேண்டிய அரைநாள் வேலை என்பதால் இதில் கூலிதான் பெரும்பங்கு. ஆறு மாதம் ஓட்டிவிட்டால் ஷாஃப்ட் தேய்ந்து, டிரம்மைத் தாங்கும் ஸ்பைடரும் சேரும், 7,000 தாண்டும். சில மாடல்களில் தொட்டி இரண்டு பாதியும் ஒட்டி மூடிய ஒரே துண்டு. பேரிங் மட்டும் தனியாக மாற்ற முடியாது என்று கம்பெனி முழுத் தொட்டிக்கு 9,000, 12,000 என்று சொல்லும். வெளி மெக்கானிக்குகளில் சிலர் அதை அறுத்து, பேரிங் போட்டு, போல்ட்டும் சிலிக்கானும் வைத்து மூடித் தருவார்கள். நன்றாகச் செய்தால் நிற்கும். முன்பு செய்த மெஷின் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே போர் தண்ணீர் கடினம். ஹீட்டர் உள்ள மெஷினில் சுண்ணாம்பு கட்டி ஹீட்டர் வெடிக்கும் (1,200-2,000). இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராம் போட்டு, துணியில்லாமல் 60 டிகிரியில் ஒரு ஓட்டம் விடுங்கள். செலவு ஐம்பது ரூபாய்க்குள். கம்பெனி விற்கும் டீஸ்கேல் பொட்டலமும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

கீசர், தண்ணீர் ஃபில்டர்

இதே தண்ணீர்தான் இங்கேயும் எதிரி. கீசர் எலிமென்ட் கூலியோடு 800-1,300, தெர்மோஸ்டாட் 400-700. எலிமென்ட்டைக் கழற்றும்போது கூடவே உள்ள மெக்னீசியம் கம்பியைப் பாருங்கள். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டு டேங்கைக் காப்பது அது. பென்சிலாக மெலிந்திருந்தால் 350-600 கொடுத்து மாற்றிவிடுங்கள். டேங்கே ஓட்டை என்றால் வெல்டிங் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பூச்சு வெந்து அடுத்த இடத்தில் ஒழுகும். கீசரை மாற்ற வேண்டியதுதான்.

ஆர்.ஓ. ஃபில்டரில் உப்பைப் பிரிக்கும் மெம்பரேன் 1,300-2,200, பம்ப் 1,200-1,800, அடாப்டர் 400-600, முன் ஃபில்டர் செட் 500-900. வருடாந்திர கான்ட்ராக்ட் 3,000-க்கு மேல் கேட்பார்கள். அதில் மெம்பரேன் சேருமா என்ற ஒரே கேள்வியில் அந்த கான்ட்ராக்ட் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் 250 ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். 1,000 போய் 100-க்குக் கீழே வந்தால் மெம்பரேன் நன்றாகவே இருக்கிறது, யார் என்ன சொன்னாலும்.

மிக்சி, கிரைண்டர், ஃபேன்

மிக்சி திடீரென்று நின்றுவிட்டால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஓவர்லோடில் அது வெளியே தள்ளிக்கொள்ளும். இதற்காகவே கடைக்கு எடுத்துப் போய் நூறு ரூபாய் கொடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள்.

ஜாரின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிவதை அலட்சியம் செய்யாதீர்கள். புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புஷ் மாற்ற 100-200. மாற்றாமல் தேங்காயும் மாவும் அரைத்துக்கொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் கப்ளர் வழியே மோட்டாருக்குள் இறங்கி, அதன் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைச் சுட்டுவிடும், அது 700-1,000. கப்ளர் 50-100, கார்பன் செட் 100-180, பிளேடு 150-300. ஆர்மேச்சர், ஃபீல்டு காயில் இரண்டும் போய்விட்டால் 1,500 ஆகும். சாதாரண 500 வாட்ஸ் மிக்சி என்றால் அந்தக் காசைப் புதியதில் போடலாம். 750 வாட்ஸ் நல்ல மிக்சி என்றால் கட்டிவிடுங்கள்.

கிரைண்டருக்கு இந்த எல்லையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, அதன் ஒவ்வொரு ஆணிக்கும் அங்கே ஸ்பேர் கிடைக்கும். மோட்டார் முனகி, கல் சுற்றவில்லை என்றால் கண்டன்சர், 150-250. மோட்டார் சுற்றுகிறது, டிரம் திணறுகிறது, அடியில் கறுப்புப் பொடி என்றால் பெல்ட், 150-300. மோட்டார் காயில் கட்ட 800-1,400. மாவு நைசாக வரவில்லை என்றால் மோட்டாரில் ஒன்றும் இல்லை, கல் கொத்த வேண்டும்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் நூற்றில் தொண்ணூறு கண்டன்சர்தான். 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதே அளவு வாங்குங்கள். சாமான் 40-70 ரூபாய். பேரிங் 250-400, காயில் கட்ட 400-600. கட்டக் கொடுக்கும்போது காப்பரா அலுமினியமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கும் பி.எல்.டி.சி. ஃபேனில் எலக்ட்ரானிக் போர்டு போனால் 600-1,000, அதுவும் அந்தக் கம்பெனியிடமே வாங்க வேண்டும்.

ஏசி

"கேஸ் கம்மி" என்ற வார்த்தை அதிகம் புழங்குவது இங்கேதான். ஃபிரிட்ஜுக்குச் சொன்னதே இதற்கும்: கசிவு இல்லாமல் கேஸ் குறையாது. வருடாவருடம் டாப்-அப் என்றால் வருடாவருடம் ஏமாறுகிறீர்கள். முதலில் உள் ஃபில்டரைக் கழுவுங்கள், அவுட்டோரின் தகடுகளைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் முழுக்க மண்ணை வாரி அதில் அடித்திருக்கும். பம்ப் வைத்துக் கழுவும் வெட் சர்வீஸ் 500-800. அதன் பிறகு ஒரு தெர்மாமீட்டரை உள்ளிழுக்கும் இடத்திலும் காற்று வரும் வாயிலும் வைத்துப் பாருங்கள். பத்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது.

ஒன்றரை டன்னுக்குக் கசிவு அடைத்து முழு கேஸ் 2,800-4,000. கண்டன்சர் (கெப்பாசிட்டர்) 500-800, அவுட்டோர் ஃபேன் மோட்டார் 2,000-3,000, உள் காயில் 6,000-10,000.

இடி விழுந்து போர்டு போனால்

ஏப்ரல், மே சாயங்காலங்களிலும் துலாம் (ஐப்பசி) மழைக் காலத்திலும் மலையோரம் இடி பலம். இடியால் போன போர்டுக்கு வாரண்டி செல்லாது. கம்பெனி போர்டைப் பழுதுபார்க்காது, புதியதைத்தான் போடும்: வாஷிங் மெஷினுக்கு 3,000-5,500, இன்வெர்டர் ஃபிரிட்ஜுக்கு 3,000-6,000, இன்வெர்டர் ஏசிக்கு 5,000-12,000. ஒப்புக்கொள்ளும் முன் அந்தப் பழைய போர்டைக் கழற்றி வாங்கி, போர்டு சர்வீஸ் செய்பவரிடம் காட்டுங்கள். கரண்ட் நுழையும் இடத்தில் பொட்டு அளவில் ஒரு வட்ட வில்லை, வேரிஸ்டர், கருகி வெடித்திருக்கும். பக்கத்தில் ஃபியூஸ் போயிருக்கும். மிகை மின்னழுத்தத்தைத் தன் மேல் வாங்கி மடிவதுதான் அதன் வேலை. அவை மட்டும் என்றால் 500-800-ல் முடியும். பவர் ஐ.சி.யும் போயிருந்தால் 1,000-2,000. நடுச் சிப்பே போயிருந்தால் கைவிட வேண்டியதுதான்.

டி.வி.யில் சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டறையில் திரையின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேக்லைட் போயிருக்கிறது. 32 இன்ச்சுக்கு 1,500-2,500. திரை உடைந்தது என்றால் கணக்கே வேண்டாம், பேனல் விலை புது டி.வி.யைத் தொடும்.

ரிப்பேரா, புதுசா

எட்டு வருடத்துக்கு உட்பட்ட பொருளுக்குப் புதிய விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை ரிப்பேருக்குக் கொடுக்கலாம். எட்டைத் தாண்டியதற்குக் கால் பங்கு. 190 லிட்டர் ஃபிரிட்ஜ் புதிது 15,000 என்றால், பத்து வருட ஃபிரிட்ஜுக்கு 7,000 ரூபாய் கம்ப்ரசர் போடுவது வீண். கிரைண்டர், பழைய செமி ஆட்டோமேட்டிக், காப்பர் காயில் ஃபேன் இந்த மூன்றுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். ஸ்பேர் கிடைக்கும் வரை ஓட்டலாம்.

பில்லும் புகாரும்

மாற்றிய ஸ்பேருக்கு மூன்று மாதமாவது கேரண்டி எழுதி வாங்குங்கள். துண்டுச் சீட்டானாலும் தேதி, ஸ்பேர் பெயர், தொகை, கையெழுத்து இருந்தால் போதும். ஜிபேயில் கொடுத்தால் அதுவே இன்னொரு சான்று. வேலை செய்யும்போது ஸ்டிக்கரையும் புது சாமானையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கம்பெனி இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவையில் வாங்கியதற்குக் கோவை போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் அது பழைய கதை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். மீனாட்சிபுரத்துக்காரருக்குப் பாலக்காடு, கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பொள்ளாச்சிக்காரருக்குக் கோவை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.